பேர் வெட்டிய செம்பு

தேசத்தின் வியாபாரம் முழுவதும் ஒரே திரைக்குள் வந்துவிட்டதாகத் தலைநகரில் அமைச்சர் அறிவித்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, கொம்மையாபுரம் தெற்கு பஜாரில் நாற்பத்தொரு கடைகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அறுபத்து மூன்று கடைகள் உள்ள பஜார் அது. அந்தத் திரையை நடத்தும் கம்பெனியின் ஆப்பில் பதிவு செய்துகொண்ட இருபத்திரண்டு கடைகள் நீல போர்டோடு நின்றன. மற்றவை இருந்த இடத்தில் வெறும் வெயில் விழுந்தது. இடி இல்லை, புகை இல்லை. சுவர் இருந்தது, கதவு இருந்தது, உள்ளே சரக்கு இருந்தது, போய் முட்டினால் நெற்றி வீங்கியது, பார்க்கத்தான் முடியவில்லை.

முப்பிடாதி அன்றும் ஷட்டரைத் தூக்கி, படியில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுப் போணிக்காக உட்கார்ந்தாள். பதினெட்டு வயதில் அந்தப் பாத்திரக்கடைக்குப் பேர் வெட்டும் வேலைக்கு வந்தவள், முதலாளியின் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டு வெளியூர் கிளம்பியபோது காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கொடுத்து அதை வாங்கியவள், இப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒரு சின்ன உளி, கால் கிலோ சுத்தியல், பாத்திரத்தை அணைத்துப் பிடிக்க ஒரு முழங்கால்: இவ்வளவுதான் அவளுடைய தொழில். கொம்மையாபுரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ பால்காய்ப்போ, பேர் வெட்டாமல் ஒரு கரண்டிகூடக் கடையை விட்டு இறங்காது. கொடுக்கிறவர் பேரைத்தான் வெட்டுவது, வாங்குகிறவர் பேரை அல்ல. வெட்டிய பிறகு பாத்திரத்தைத் திருப்பி எடுப்பதில்லை. அதை அவள் சுவரிலேயே சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தாள்.

பத்து மணிக்கு ஒரு குடும்பம் வந்து படிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தது. இங்கே ஒரு பாத்திரக்கடை இருந்ததே, எங்கே மாற்றிவிட்டார்கள் என்று அவளிடமே கேட்டது. உள்ளே வாங்க என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எதற்கு வம்பு என்கிற முகத்தோடு நகர்ந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது காலி மனை ஒன்று. அதில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றின் மேலும் இல்லாமல், காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை. பேர் வெட்டி முடித்து டெலிவரிக்கு வைத்திருந்த பாத்திரங்கள் மட்டும் எல்லாருக்கும் தெரிந்தன. அவள் தலைக்கு மேலே ‘வே. சங்கரவடிவு அன்பளிப்பு’ என்று ஒரு குடம் அந்தரத்தில் தொங்கியது. அதை ஒரு விஷயமாக அவளும் எடுத்துக்கொள்ளவில்லை, ஊரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் எதையும் வெகுநேரம் வியந்துகொண்டிருக்காது, அதற்கு வேறு சோலி இருக்கிறது. முதல் நாள் கடை எங்கே என்று கேட்டவர்கள் மூன்றாம் நாள் அங்கே கடை ஏது என்று கேட்டார்கள். பத்தாம் நாளுக்குள், எதில் முட்டிக்கொள்கிறோம் என்று தெரியாமலே, முட்டாமல் வளைந்து நடக்கப் பழகியிருந்தார்கள். காலி மனை என்றானதும் காலி மனைக்கு உண்டான மரியாதை தொடங்கியது: கறிக்கடைக் கழிவு வந்து விழுந்தது, இடிந்த வீட்டுச் செங்கல் வந்து விழுந்தது, சாயங்காலமானால் ஆண்கள் வரிசையாக வந்து அவளுடைய ஷட்டர் மேல் ஒன்றுக்குப் போனார்கள். வெளியூர்க் கிழவி ஒருத்தி, அந்தரத்தில் தவம் இருக்கிறாளே என்று அவள் முன்னால் கதம்பமும் ஒரு ரூபாயும் வைத்துக் கும்பிட்டாள். முப்பிடாதி பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, ரூபாயைக் கிழவியின் முதுகைப் பார்த்து விட்டெறிந்தாள்.

எல்லாருக்கும் தெரியாமல் போயிற்று என்றும் சொல்ல முடியாது. மாடுகளுக்குத் தெரிந்தது, நிழலுக்கு ஒதுங்கின. கரண்டு மீட்டர் கணக்கெடுக்கிறவருக்குத் தெரிந்தது. கோயில் கொடைவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்தவர்கள் ஒரு கடை தவறாமல் ஏறி இறங்கினார்கள். நகராட்சி பில் கலெக்டர் தாவீது படியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எனக்கு நல்லாவே தெரியுதுக்கா. ஒன் சன்ஷேடு ரெண்டடி ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கே, அதுவும் தெரியுது” என்று ஆக்கிரமிப்பு நோட்டீஸை நீட்டினார்.

“அப்போ கடை இருக்குன்னு எழுதிக் கொடும்.”

“அது என் செக்ஷன் இல்லக்கா.”

எந்த செக்ஷனும் இல்லை. நாற்பத்தொரு பேரும் மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே அதிகாரிகள் யோசித்துப் பார்த்து, ஊரில் முப்பதாயிரம் பேருக்குத் தெரியாதது நாற்பத்தொரு பேருக்கு மட்டும் தெரிகிறதென்றால் கோளாறு எங்கே என்று அவர்களே கண்டுபிடித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். கண்ணில் சொட்டு விட்டு, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, இல்லாத கட்டடங்களைக் காணும் குறைபாடு என்று அட்டையில் எழுதி, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். முப்பிடாதி அதை வாசலிலேயே போட்டுக் குதிகாலால் மிதித்தாள். பத்திரிகையில் முகாம் இனிதே நடந்ததாகச் செய்தி வந்தது.

தெரிந்த இருபத்திரண்டு கடைகளில்தான் பெரிய அநியாயம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கடை தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

அவளுக்கு அடுத்த கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம், கடை இருட்டில் கிடந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அமைச்சர் அறிவிப்புக்கு முந்தின நாளே பதிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை அவர் கடையில் நீல வெளிச்சம் எரிந்தது. ஜனம் வந்தது, துணியைத் தடவிப் பார்த்தது, ஃபோனில் அழுத்தியது, பொட்டலம் தானாகக் கட்டப்பட்டு மேஜைமேல் வந்து நின்றது. யார் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலி காலியாக இருந்தது, ஆனால் ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு மெத்தை அமுங்கியிருந்தது. வீட்டில் அவர் மனைவி காலியிடத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். சோறு குறைந்தது, அதை வைத்து அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். சத்தமும் போய்விட்டது. அவர் பேச நினைத்ததெல்லாம் பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் குறுஞ்செய்தியாக வந்தது, அதுவும் கம்பெனி எழுதிவைத்த வாசகத்தில்.

இருபது வருஷமாகப் பதினோரு மணிக்கு அண்ணாச்சியும் முப்பிடாதியும் அவரவர் கடையிலிருந்தே டீ குடிப்பார்கள். அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு கிளாஸை அவர் மேஜையில் வைத்து, அண்ணாச்சி, நல்லா இருக்கியளா என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்பாள். அவளுடைய ஃபோன் சிணுங்கும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.’ திரும்பிப் பார்த்தால் கிளாஸ் காலியாக இருக்கும். அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

முப்பத்தேழாவது நாள் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தான். முப்பது வயசுக்குள் இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. அட்டையில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பட்டைக்கோடுகளும் ஒன்பது இலக்க எண்ணும் இருந்தன. கடை அவனுக்குத் தெரியாததால் வெயிலில் நின்று, அந்தரத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் பேசினான். அவள் அப்போது செண்பகவடிவு கல்யாணத்துக்குத் தான் வைக்கப்போகும் செம்பை முழங்காலில் அணைத்துப் பேர் வெட்டத் தொடங்கியிருந்தாள்.

அவன் சொன்னது இது. நாற்பத்தைந்தாவது நாளன்று நகராட்சி அளக்க வரும், கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் காலி மனை என்று பதிவாகும், அதில் கம்பெனி பார்சல் கொட்டகை போடப்போகிறது, உத்தரவு தயார். அவள் பதிவு செய்துகொண்டால் ஐந்து நிமிஷத்தில் கடை தெரிந்துவிடும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பேர் வெட்டக் கூடாது. பேர் வெட்டிய சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது, திருப்பி எடுக்க முடியாத சரக்கு தேசத்தின் வியாபாரத்தில் கிடையாது.

“நீ விக்கிறது பாத்திரமா, வாடகைச் சாமானா?” என்றாள் முப்பிடாதி.

“மேடம், ஐயம்பெருமாள் சாரையே பாருங்க. சார்தான் இந்த ஏரியாவுல டாப்.”

“எங்க பார்க்க?”

“அவர் ரேட்டிங்கைப் பாருங்க மேடம். நாலு புள்ளி எட்டு.”

“ஆள எங்கடே பார்க்க? அந்தா இருக்கு நாற்காலி. ஐயம்பெருமாள் எங்க? மக கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்து வச்சவன் எங்க? பெத்த புள்ள வந்து அப்பான்னு கூப்பிட்டா அவ ஃபோனுக்கு நன்றின்னு வருதே, அந்த ஐயம்பெருமாள் எங்க?”

அண்ணாச்சி என்றல்லாமல் அவரைப் பேர் சொல்லி அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்லச் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. அவன் போன பிறகு குனிந்து பார்த்தாள். செம்பில் ‘ஆ. முப்பிடாதி அன்பளிப்பு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ச. ஐயம்பெருமாள்’ என்று கச்சிதமாக, புள்ளி பிசகாமல் வெட்டியிருந்தது. வாய் சொன்னதைக் கை கேட்டுவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பேர் மாற்றி வெட்டியதில்லை. வெட்டியதை அழிக்க முடியாது, மாற்றுச் செம்பு வெட்ட மனசும் இல்லை. பேர் தெரியாதபடி மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை, ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்தில். பெண்ணின் தகப்பன் செம்பைப் பிடித்துத் தாரை வார்த்தால்தான் அவர்கள் வீட்டில் கல்யாணம். அதுவரை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்த ஊர் அங்கே வந்துதான் நின்றது. மேடையில் அம்மா இருந்தாள், பக்கத்தில் அமுங்கிய நாற்காலி இருந்தது. யாரோ நாற்காலிக்கு மாலை போட்டார்கள். அது ஒரு விநாடி அந்தரத்தில் தங்கி, பிறகு வழுக்கி விழுந்தது. தகப்பனார் வரட்டும் என்று புரோகிதர் சொன்னதும் மண்டபத்தில் இருந்த ஐந்நூறு ஃபோனும் ஒன்றாகச் சிணுங்கின. ‘உங்கள் வருகைக்கு நன்றி. எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்.’

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “பொண்ணுக்குத் தகப்பன் உண்டா இல்லையா? ஃபோனா வந்து தாரை வார்க்கும்? நாங்க பொண்ணு கட்ட வந்தோமா, பார்சல் வாங்க வந்தோமா?”

சித்தப்பன் முறையில் ஒருவர் செய்யட்டும் என்று யாரோ சமாதானம் பேசினார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அது எப்படி என்று வேறு யாரோ கேட்டார்கள். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று தாய்மாமன் கேட்டார். செண்பகவடிவு தலையை நிமிர்த்தவே இல்லை. முகூர்த்தத்துக்கு ஒன்பது நிமிஷம் இருந்தது. முப்பிடாதிக்கு அந்தச் சிணுங்கல் சத்தம் காதுக்குள் கொதித்தது. முன்வரிசையிலிருந்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையேறி, மஞ்சள் துணியை உருவிப் போட்டுவிட்டுச் செம்பை நாற்காலிக்கு முன்னால் ஓங்கி வைத்தாள். பேர் தப்பாக வெட்டியிருக்கிறது என்பதை அப்போது அவள் மறந்தே போயிருந்தாள்.

“அண்ணாச்சி, எடுத்து ஊத்தும்” என்றாள்.

செம்பு உயர்ந்தது. அதில் வெட்டிய பேரின் மேல் முதலில் நான்கு விரல் தெரிந்தது, பிறகு மோதிரம், பிறகு மணிக்கட்டில் கட்டியிருந்த திருச்செந்தூர்க் கயிறு, பிறகு முழங்கை, தோள், துண்டு. கடைசியாக முகம் வந்தது. முப்பத்தொன்பது நாளாகக் கண்ணாடியில்கூடத் தெரியாத முகத்தைச் சவரம் செய்ய வழி இல்லாமல் தாடி வளர்ந்து கிடந்தது. மண்டபத்தில் ஒருவரும் அலறவில்லை. தாய்மாமன் மட்டும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“அப்பா, தாடி” என்றாள் செண்பகவடிவு.

ஐயம்பெருமாள் தாரை வார்த்தார். தண்ணீர் மகள் கையிலும் மருமகன் கையிலும் விழுந்து தாம்பாளத்தில் ஓடியது. வார்த்து முடித்ததும் செம்பைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முப்பிடாதியைத் தேடிப் பார்த்தார். “தங்கச்சி, டீயைக் குடிச்சது நாந்தான்” என்றார்.

அதே நிமிஷத்தில் பஜாரில் அவருடைய ஜவுளிக்கடையின் நீல போர்டு அணைந்தது. கடை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. திருப்பி எடுக்க முடியாத பொருளாக மாறியதால் அவரது பதிவு நீக்கப்படுவதாகக் கம்பெனி அவருக்குச் செய்தி அனுப்பியது. இருக்கட்டும் என்று ஃபோனை மடியில் செருகிக்கொண்டு அவர் பந்திக்கு ஆள் கூப்பிடப் போனார்.

முப்பிடாதி சாப்பிட உட்காரவில்லை. எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. முப்பத்தொன்பது நாளாக உளி மடியில் கிடந்தது, பேர் வெட்டிய குடம் தலைக்கு மேலே தொங்கி எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மனு எழுதியிருக்கிறாள், கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். பட்டுச்சேலையோடு நேரே பஜாருக்கு நடந்தாள். ஷட்டரை இழுத்து மூடி, அதன் நடுவில் உளியை வைத்து, சுத்தியலை ஓங்கினாள். ‘ஆ’ வெட்டியபோது ஒரு முழம் ஷட்டர் தெரிந்தது. ‘முப்பிடாதி’ முடிந்தபோது மாடி கைப்பிடிச் சுவர் வரைக்கும் தெரிந்தது, அதன் அடியில் கறிக்கடைக் கழிவும் செங்கல்லும் மூத்திரக் கறையும் தெரிந்தன. கொட்டியவர்கள் கூட்டமாக நின்று பார்த்துவிட்டு, யார் இப்படி அசிங்கம் பண்ணியது என்று கேட்டுக்கொண்டார்கள்.

அன்று தொடங்கி நாலு நாள் பஜாரில் உளிச்சத்தம் ஓயவில்லை. ஐயம்பெருமாளுடைய ஷட்டர், சைக்கிள் கடை ஷட்டர், நாட்டு மருந்துக்கடை ஷட்டர் என்று ஒவ்வொன்றாக, வெட்ட வெட்டத் தெரு திரும்பி வந்தது. பதிவு செய்திருந்த மற்ற இருபத்தொரு பேரும் ஆளுக்கொரு கரண்டியோ டம்ளரோ ஏந்தி வந்தார்கள். கரண்டிகள் காற்றில் வரிசையாக நின்றன, பேர் வெட்ட வெட்ட அவற்றின் பின்னால் ஆள் முளைத்தது. அதையும் ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. சத்தம் தாங்கவில்லை என்று போலீசுக்குப் புகார் போயிற்று. காணாமல் போன கடைகள் தாமாகத் திரும்பியதாகப் பத்திரிகை எழுதியது. நாற்பத்தைந்தாவது நாள் அளக்க வந்தவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தாவீது மட்டும் வந்து, அனுமதியின்றி ஷட்டரில் எழுத்து வெட்டியதற்குப் புது நோட்டீஸ் ஒன்று கொடுத்தார்.

கடை தெரிந்தது என்பதற்காக வியாபாரம் பழையபடி ஆகிவிடவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் குடத்தைத் தூக்கிப் பார்த்து, விலையைக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு, இதே சைஸ் ஆப்பில் என்ன விலை என்று அவள் கடை நிழலிலேயே நின்று தட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒருத்தியின் கையிலிருந்து முப்பிடாதி குடத்தைப் பிடுங்கி மேலே மாட்டினாள். நிழலுக்குக் காசு கிடையாது, ஆனா நின்னா பேர் வெட்டிருவேன் என்றாள். வந்தவள் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், வெயில் தார்ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், படிக்கு முன்னால் இரண்டு ஷூவும் கழுத்துயரத்தில் ஒரு அட்டையும் வந்து நின்றன. இடையில் ஆள் இல்லை. கூர்ந்து பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. தெற்கு பஜார் கைவிட்டுப் போனதால் அந்த மேனேஜருடைய ஏரியாவை வேறு ஏரியாவோடு சேர்த்துவிட்டார்கள், அதில் அவனுக்கு இடம் இல்லை என்று தாவீது முன்பே சொல்லியிருந்தார். ஒரு டிபன் பாக்ஸ் காற்றில் மிதந்து வந்து அவள் மேஜைமேல் உட்கார்ந்தது. கூடவே ஃபோன் சிணுங்கும் என்று அவள் காத்திருந்தாள். சிணுங்கவில்லை, குரல்தான் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

“மேடம், பேர் வெட்டணும்.”

முப்பிடாதி டிபன் பாக்ஸைப் புரட்டிப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து பேர் வெட்டணும் என்று வந்ததைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்திர நாற்றத்தை நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிய காலையை நினைத்துக்கொண்டாள். காலி நாற்காலிக்கு முன்னால் டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்த நாட்களை நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பாத்திரம் மேஜைக்கு வந்துவிட்டது. முழங்காலில் அணைத்து, உளியை எடுத்து நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

“என்ன பேர்?”

அட்டை லேசாகத் திரும்பியது, அவன் குனிந்து பார்க்கிறான் என்று தெரிந்தது. பிறகு ஒன்பது இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தான்.

“நம்பரெல்லாம் வெட்டுறதில்ல. பேரச் சொல்லு.”

“அங்க எல்லாரும் இதைத்தான் மேடம் கூப்பிடுவாங்க. அஞ்சு வருஷமா...” என்றவன் நிறுத்திக்கொண்டான். என்னவோ ஓரெழுத்தைத் தொடங்கினான், அது இல்லை என்று விட்டுவிட்டான், வேறொன்றைத் தொடங்கினான். பக்கத்துக் கடையில் ஐயம்பெருமாள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்த டீயை எடுத்து அவன் பக்கம் நீட்டப்போனவர், முப்பிடாதி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

ஷூ ஒன்று மெதுவாகப் படியில் ஏறியது. முப்பிடாதி உளியை டிபன் பாக்ஸின் மேல் வைத்தாள், சுத்தியலை ஓங்கினாள், ஓங்கியபடியே நிறுத்தினாள்.

“வெயில்லயே நில்லு,” என்றாள். “பேர் ஞாபகம் வந்ததும் ஏறு.”